துயரமில்லா ஊரைப் பாடிய ரவிதாசர்

பாட்டு என்பது வயிறு நிரம்பியோர்க்கு வாய்த்த பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். நம் மக்களின் வாழ்வை அருகிருந்து கண்டவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள். நாற்று நட்ட பெண்கள் பாடினர். ஏற்றம் இறைத்தோர் பாடினர். இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தோரும் பாடியே அழுதனர். பகலெல்லாம் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்கள், மாலையில் கை கால் கழுவிக்கொண்டு நம் தெருப் பஜனைக் கோயில் திண்ணையில் அமர்ந்து கஞ்சிராவைக் கையில் எடுத்தனர். கூலி குறைந்த நாள்களிலும் பாட்டுக் குறைந்ததில்லை. மார்கழி விடியலில் அக்குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுள் நானும் ஒருவன்.

வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு நம் சங்கத்தார் பணித்தபோது, எவரை எழுதுவது என்று நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை. வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கிப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரையில் தோலோடு பிறந்து தோலோடு வளர்ந்த நம் மக்கள், அத்தொழிலிலேயே அமர்ந்து பாடிய ஒருவரை அறிந்திருத்தல் வேண்டும். அவர் காசியில் வாழ்ந்த ரவிதாசர். வடநாட்டில் ரைதாஸ் என்றும் அவரை அழைப்பர். பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் அவர் பெயரை அறியாத நம்மவர் இல்லை. தமிழ்நாட்டில் அப்பெயர் இன்னும் போதிய அளவு பரவவில்லை என்பதும் இதனை எழுதுவதற்கு ஒரு காரணம்.

ரவிதாசர் 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவர். கங்கைக் கரையில் அமைந்த காசி மாநகரில், இறந்த மாடுகளை அப்புறப்படுத்தித் தோலுரித்துப் பதப்படுத்திச் செருப்புத் தைக்கும் சமார் குலத்தில் பிறந்தார். அக்காலத்தில் காசியை முதலில் ஜவுன்பூர் சுல்தான்களும், பின்னர் டெல்லியின் லோடி வமிசத்தாரும் ஆண்டனர். ஊரோ வேதம் ஓதுவோரின் தலைநகரம். சாகும்போதேனும் அங்குச் சென்று சேர வேண்டும் என்று நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிந்த நகரம். அத்தகைய ஊரின் ஓரத்தில், ஊரார் தொடவும் அஞ்சிய பொருளைத் தொட்டு, ஊரார் காலுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்த குடும்பத்தில் அவர் வளர்ந்தார். அவருடைய பிறந்த நாளை மாசி மாதத்தை ஒட்டிவரும் மாகப் பௌர்ணமியன்று இன்றும் கொண்டாடுகின்றனர்.

அவரது வரலாற்றை முதலில் எழுதியவர்கள் அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர்கள். 1600ஆம் ஆண்டை ஒட்டி அனந்ததாசர் என்பவர் செய்யுளில் அவர் கதையைக் கூறினார். நாபாதாசர் தம் பக்தமாலையில் அவருக்கு இடமளித்தார். 1712இல் பிரியாதாசர் அந்நூலுக்கு உரை எழுதியபோது மேலும் பல கதைகளைச் சேர்த்தார். இவற்றுள் மெய்யும் உண்டு, பின்வந்தோர் தம் விருப்பத்திற்கேற்பப் புனைந்தனவும் உண்டு. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எதனை ஏற்கலாம், எதனைத் தள்ளலாம் என்பதையும் ஆங்காங்கே சுட்டிச் செல்வேன். வாசகர்கள் பொறுத்தருள்க.

இளமையிலேயே ரவிதாசருக்குப் பொருளீட்டுவதில் நாட்டம் குறைவாக இருந்ததாம். தைத்த செருப்புகளை அடியார்க்குக் காசு வாங்காமல் கொடுத்து வந்தமையால் தந்தை சினந்து, வீட்டின் பின்புறத்தில் தனியே இருந்து பிழைத்துக்கொள் என்று ஒதுக்கிவிட்டார் என்பர். அங்கு ஒரு குடிசை போட்டுக்கொண்டு, மனைவியோடு வாழ்ந்து, செருப்புத் தைத்துக்கொண்டே பாடினார். அவரைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு கூட்டம் சேர்ந்தது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நாம் அறிந்த முனிவர்களிற் பலர் வீட்டைத் துறந்தனர்; காட்டுக்குச் சென்றனர்; தொழிலை விட்டனர். ரவிதாசர் எதனையும் விடவில்லை. அவருக்கு மடமில்லை, பட்டமில்லை. கையில் குத்தூசியும் தோல் சீவும் கத்தியும் இருந்தன. கை அதன் வேலையைச் செய்ய, வாய் அதன் வேலையைச் செய்தது. வேலை செய்யும் கைக்குப் பாட்டு ஒரு துணை என்பது உழைப்பவர் அனைவரும் அறிந்ததே. ஆயினும், வேலை முடிந்த பின் பாடுவது வேறு. வேலையே பாட்டாகவும் பாட்டே வேலையாகவும் ஒன்றுவது வேறு. முன்னதில் பாட்டு களைப்பாற்றும். பின்னதில், இத்தொழில் இழிந்தது என்று ஊரார் ஒட்டிய பெயர் கழன்று விழுந்துவிடும். தோலைத் தைக்கும் கையோடு ஒருவன் இறைவனைப் பாடி, அதனைக் கேட்க ஊரார் வந்து அமர்ந்துவிட்டால், அத்தோல் எங்ஙனம் தீட்டாகும்?

தீட்டைப் பற்றிய கதை ஒன்று வடநாட்டில் குழந்தைகளும் அறிந்தது. திருவிழா நாளில் அனைவரும் கங்கையில் நீராடச் சென்றனர். ரவிதாசரையும் அழைத்தனர். குறித்த நாளில் செருப்பைத் தருவதாக ஒருவருக்கு வாக்களித்திருந்ததால் அவர் செல்லவில்லை. மனம் தூயதாயிருப்பின் தோல் ஊறவைக்கும் தொட்டியிலேயே கங்கை வரும் என்று அவர் கூறியதாகவும், அவ்வண்ணமே வந்ததாகவும் கதை சொல்லும். அதிலிருந்து ஒரு பழமொழியும் பிறந்து இன்றளவும் இந்தி பேசுவோர் நாவில் வழங்குகிறது. தொட்டியில் கங்கை வந்ததா என்று நான் ஆராயப் போவதில்லை. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளை அறிந்த எவர்க்கும் அக்கதையின் துணிவு விளங்கும். ஊர் முகம் சுளிக்கும் நாற்றமுடைய அத்தொட்டியைக் கங்கைக்கு ஒப்பாக வைத்துப் பேசியது சிறிய செயலன்று. இன்னொன்றையும் நான் இளைஞர்களிடம் கூறுவதுண்டு. அவர் நீராடச் செல்லாமைக்குக் காரணம், செருப்பை ஒப்படைப்பதாகக் கொடுத்த வாக்கு. புண்ணியத்தைவிடத் தொழில் நாணயத்தை மேலாகக் கொண்டவர் அவர்.

அவரிடம் இரும்பைப் பொன்னாக்கும் பரிசக்கல்லை ஒருவர் கொடுத்துச் சென்றதாகவும், பதின்மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தபோது அது கூரையில் செருகிய இடத்திலேயே கிடந்ததாகவும் மற்றொரு கதை உண்டு. இதனை விரிக்க வேண்டுவதில்லை. வறுமையைப் புகழ்ந்து பேசும் கதைகளில் எனக்கு அத்துணை விருப்பமில்லை. நம் மக்களுக்கு வறுமை போதிய அளவு கிடைத்திருக்கிறது.

ஆனால் சாளக்கிராமக் கதை அத்தகையதன்று. சமார் குலத்தான் ஒருவன் இறைவடிவை வைத்துப் பூசிக்கிறான், மக்கள் அவனைப் பணிகின்றனர் என்று அந்தணர் அரசனிடம் முறையிட்டனர். அரசன் இரு திறத்தாரையும் அழைத்து, இறைவடிவை நடுவில் வைத்து, அது எவரிடம் செல்கிறதோ அவர்க்கே உரிமை என்று தீர்ப்பளித்தான். அந்தணர் நெடுநேரம் வேதம் ஓதினர், வடிவு அசையவில்லை. ரவிதாசர் பாடினார், அது அவர் மடிக்கு வந்து சேர்ந்தது. இக்கதையை அற்புதமாகக் கொள்வோர் கொள்க. நான் காண்பது வேறு. வேதத்தைக் கேட்கவும் உரிமையற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த மக்கள், தங்களுக்கென்று எஞ்சியிருந்த ஒன்றே ஒன்றைக் கொண்டு வழக்கில் வென்றதாக இக்கதையைப் படைத்துக்கொண்டனர். அந்த ஒன்று அவர்தம் குரல். ஏட்டைப் பூட்டலாம், கோயிலைப் பூட்டலாம், குளத்துக்கு முள்வேலி கட்டலாம். தொண்டையைப் பூட்டுதல் அத்துணை எளிதன்று.

இதனை என் தொழிலிலேயே கண்டிருக்கிறேன். வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் ஒரு வரியும் படிக்க அஞ்சி நடுங்கும் பிள்ளை, காலைக் கூட்டத்தில் பலரோடு சேர்ந்து பாடும்போது தயக்கமின்றிக் குரல் கொடுக்கும். திக்குவாய் உள்ள பிள்ளைகளுள் பலர் பாடும்போது திக்குவதில்லை. தன் குரல் பிறர் குரலோடு சேர்கிறது, அதனை எவரும் தனியே பிரித்துப் பழிக்கவில்லை என்ற துணிவே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பலர் கூடிப் பாடும்போது மூச்சும் ஒன்றுபடுகிறது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் பஜனையில், எழுத்தறியாதவரும் ஒரே இரவில் பத்துப் பாடல்களை மனத்தில் ஏற்றிக்கொள்வர். ரவிதாசரின் பாடல்கள் அவ்வாறே பரவின. அச்சில்லை, பள்ளியில்லை, புரவலரில்லை. ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு என அவை காசியிலிருந்து இராஜஸ்தானத்துக்கும் பஞ்சாபுக்கும் நடந்து சென்றன.

காசியில் அவர் தனித்துப் பாடியவரல்லர். அதே நகரில் நெசவாளராகிய கபீர்தாசர் தறியில் அமர்ந்து பாடியிருந்தார். தையற்காரர் நாமதேவர், கசாப்புக்காரர் சதனர், நாவிதர் சேனர் ஆகியோரின் பெயர்களைக் கபீரின் பெயரோடு சேர்த்து ரவிதாசரே தம் பாடல் ஒன்றில் வரிசைப்படுத்திப் போற்றுகிறார். இவ்வரிசையை நோக்குங்கள். ஒருவர்க்குத் தறி, ஒருவர்க்கு ஊசி, ஒருவர்க்குக் கத்தி. எல்லாரும் கையால் உழைத்து உண்டவர்கள். இராமானந்தர் என்னும் அந்தணத் துறவியே இவர்களுக்குக் குரு என்று பிற்கால நூல்கள் கூறும். ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஐயுறுகின்றனர். குருவின் பெயராக ரவிதாசர் தம் பாடல்களில் இராமானந்தரைக் குறிக்கவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சித்தூர்க் கோட்டையின் அரசி ஒருவர் ரவிதாசரைக் குருவாக ஏற்றார் என்று அனந்ததாசரே எழுதியுள்ளார். ஜாலி அரசி என்று அவரைக் குறிப்பிடுவர். மீராபாயும் ரவிதாசரைக் குருவாகக் கொண்டார் என்பது மக்கள் வழக்கு. சித்தூர்க் கோட்டையில் மீரா கோயிலுக்கு முன்பாக ரவிதாசரின் பாதச் சுவடுகளைத் தாங்கிய சிறு மண்டபம் ஒன்று இன்றும் இருக்கிறது. அரசி அளித்த விருந்தில் அவரோடு ஒரே பந்தியில் உண்ண அந்தணர் மறுத்துத் தனியே சமைத்து அமர்ந்தபோது, ஒவ்வொரு இருவர்க்கும் நடுவே ஒரு ரவிதாசர் அமர்ந்திருக்கக் கண்டு திகைத்தனர் என்றும் கதை வளர்கிறது. கேட்பதற்குச் சுவையான கதை. நம் பிள்ளைகள் இதனைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் அக்கதையின் முடிவை நான் ஏற்பதில்லை. தம் மார்பைக் கீறி உள்ளிருந்த பொன் பூணூலை ரவிதாசர் காட்டினாராம். முற்பிறப்பில் அவர் அந்தணராம். ஏதோ ஒரு பிழையால் இப்பிறப்பில் சமாராய்ப் பிறந்தாராம். இதனை எழுதியவர்களின் இடர்ப்பாடு நமக்கு நன்கு விளங்குகிறது. ஒருவரின் பெருமையை மறுக்க இயலவில்லை. அப்பெருமை சமார் ஒருவருக்கு உரியது என்பதை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. ஆகவே அவர் தோலுக்குள்ளே ஒரு பூணூலைச் செருகினர். நம் நந்தனாரைத் தில்லையில் தீயில் மூழ்கச் செய்து, மறுபுறம் முப்புரிநூல் மார்பராய் எழச் செய்த கதையும் இதுவேயன்றோ? இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவில், இரு வேறு மொழிகளில், ஒரே சூழ்ச்சி ஒரே வடிவில் வந்திருப்பதை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

நந்தனாரைக் குறிப்பிட்டதால் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. ஆதனூரில் வாழ்ந்த அவருடைய தொண்டு யாது? கோயிற் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்தல் என்று சேக்கிழார் கூறுகிறார். இசைக்கருவிக்குத் தோல் கொடுத்தவர், நரம்பு கொடுத்தவர். அவ்விசை முழங்கிய இடத்துக்குள் மட்டும் நுழையக் கூடாதவர். நாட்டின் இசையெல்லாம் நம்மவர் உரித்துப் பதப்படுத்திக் கொடுத்த தோலின்மீதே முழங்கியிருக்கிறது. மிருதங்கத்தைக் கேட்டுத் தலையசைப்போர் இதனை எண்ணுவதில்லை.

ரவிதாசர் தம் குலத்தை மறைத்தவரல்லர். பூணூல் கதைக்கு அவருடைய பாடல்களே மறுப்பு. பாடல்தோறும் தம்மைச் சமார் என்றே வெளிப்படையாகக் கூறிக்கொள்கிறார். ஒரு பாடலில் ஊராரை விளித்து, தம் உற்றார் இன்றும் காசியைச் சுற்றி இறந்த மாடுகளைச் சுமந்து திரிவோரே என்று அறிவித்து, அத்தகைய தம்மைச் சிறந்த அந்தணரும் இப்போது வணங்குகின்றனர் என்று முடிக்கிறார். அப்பாடலிலேயே ஓர் உவமை வருகிறது. கள் தரும் மரம் என்று பனையினத்தைத் தீட்டாகக் கருதுவோர், அதிலிருந்து வந்த ஏட்டில் இறைவன் புகழ் எழுதப்பட்டவுடன் அதனையே தொழுகின்றனர் என்கிறார். பனையோலையில் தமிழ் வளர்த்த நமக்கு இவ்வுவமையின் ஆழத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை. செருப்புத் தைத்துத் தருமாறு மக்கள் தம்மைக் கேட்பதையும், குத்தூசியும் கத்தியும் இன்றியே தாம் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டதையும் மற்றொரு பாடலில் மெல்லிய நகைச்சுவையோடு கூறுகிறார். துன்புற்றவன் சிரிக்கத் தொடங்கினால் துன்புறுத்தியவனுக்குக் கலக்கம் பிறக்கும் என்பதை அறிந்த சிரிப்பு அது.

அவருடைய பாடல்களுள் தலையாயது பேகம்புரா என்னும் ஊரைப் பற்றியது. துயரம் இல்லாத ஊர் என்பது அச்சொல்லின் பொருள். கவுரி ராகத்தில் அமைந்த சிறிய பாடல். சில அடிகளே கொண்டது. அவ்வூரில் துன்பமில்லை, வரிச்சுமை இல்லை, அச்சமில்லை, வீழ்ச்சியில்லை. இரண்டாம் தரத்தார், மூன்றாம் தரத்தார் என்னும் பிரிவினையில்லை. அனைவரும் ஒரு தரத்தினர். அங்கு வாழ்வோர் விரும்பிய இடமெல்லாம் நடக்கலாம், எந்த மாளிகை வாயிலிலும் அவர்களைத் தடுப்பாரில்லை. விடுதலை பெற்ற சமாராகிய தமக்கு அவ்வூரைச் சேர்ந்தவர் எவரோ அவரே நண்பர் என்று பாடல் முடிகிறது. இங்கிலாந்தின் தாமஸ் மோர் குறையற்றதொரு தீவைக் கற்பனை செய்து உட்டோபியா என்னும் நூலை வெளியிட்ட ஆண்டு 1516. அவர் அரசவையில் இருந்த சட்ட அறிஞர், இலத்தீனில் எழுதினார். ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியே நம்மவர் ஒருவர் செருப்புக் கடையில் அமர்ந்து, தெருவில் பேசிய மொழியில், தம்முடைய ஊரைப் பாடியிருக்கிறார்.

இவ்வூர் மேலுலகத்தைக் குறிப்பதன்றோ, இறந்தபின் கிடைக்கும் இன்பத்தைக் காட்டி மக்களை உறங்க வைப்பதன்றோ என்று நம் இளைஞர் சிலர் வினவுவர். வினவுதல் நன்றே. அண்ணல் அம்பேத்கரே இவ்வகையில் கடுமையாகப் பேசியவர். சாதி ஒழிப்பு பற்றிய தம் நூலுக்குக் காந்தியடிகள் கூறிய மறுப்புக்கு விடையிறுக்கையில், அருளாளர்கள் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவைப் பேசினரேயன்றி மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைத் திருத்த முற்படவில்லை என்றும், அருளாளன் சாதியை மீறலாம், எளியவன் மீறலாகாது என்றே மக்களுக்குப் போதிக்கப்பட்டது என்றும் அவர் எழுதினார். அக்குற்றச்சாட்டைப் புறந்தள்ள இயலாது. ஐந்நூறு ஆண்டுகள் ரவிதாசரைப் பாடிய ஊர்களிலேயே சமார்கள் கிணற்றில் நீரெடுக்க விடப்படவில்லை.

ஆயினும் பேகம்புராவை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். அங்குக் கற்பக மரமில்லை, தேவமாதரில்லை, பாற்கடலில்லை. வரியில்லை, தரப்பிரிவில்லை, நடக்கத் தடையில்லை. இவை மேலுலகத்துச் செய்திகளா? வரி வாங்குவோனும், தரம் பிரிப்போனும், வாயிலில் தடுப்போனும் இவ்வுலகத்து மனிதர்களேயன்றோ? காசியின் தெருக்களில் தாம் எவ்வெவற்றால் துன்புற்றாரோ, அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி ஓர் ஊரை ரவிதாசர் கட்டினார். வாழ்வின் துன்பத்தை மறப்பதற்குப் பாடுவது ஒரு வகை. அத்துன்பம் இயற்கையன்று, அதனை நீக்கிய ஊர் ஒன்று இருக்கக்கூடும் என்று பாடுவது மற்றொரு வகை. முன்னதை நான் இகழ மாட்டேன், ஏனெனில் ஓர் இரவு நிம்மதியாக உறங்குதலும் ஏழைக்குப் பெரும்பேறு. பின்னதுவே ரவிதாசருடையது. அம்பேத்கரும் 1948இல் தீண்டப்படாதோரின் தோற்றம் குறித்த தம் நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அவருடைய தந்தை இராம்ஜி, கபீர் நெறியைப் பின்பற்றியவர். பாட்டு ஒலித்த வீட்டிலேதான் அண்ணலும் வளர்ந்தார். அவர் சாடியது பாட்டை அன்று, பாட்டோடு நின்றுவிடுதலை என்றே நான் கருதுகிறேன். மாறாகக் கருதுவோரோடு வாதிட ஆயத்தமாயுள்ளேன்.

ரவிதாசரின் மறைவு குறித்து நூல்கள் மிகுதியாகக் கூறவில்லை. பாடல்களோ மறையவில்லை. 1604இல் சீக்கியரின் ஐந்தாம் குருவாகிய அர்ஜுன் தேவர் ஆதி கிரந்தத்தைத் தொகுத்து அமிர்தசரஸ் பொற்கோயிலில் வைத்தபோது, குருமார்களின் பாடல்களோடு ரவிதாசரின் பாடல்களையும் சேர்த்தார். அவருடையனவாக 40 பாடல்கள், 16 ராகங்களில் அதனுள் இடம்பெற்றுள்ளன. அந்நூல் ராகங்களின் முறைப்படி வகுக்கப்பட்டது; பாடுவதற்கென்றே அமைந்த மறைநூல். அதனையே சீக்கியர்கள் நிலையான குருவாகக் கொள்வர். அரசனும் படைத்தலைவனும் அதன்முன் தலை தாழ்த்துவர். சமார் என்று தம்மை அறிவித்துக்கொண்டவரின் சொற்களும் அவ்வணக்கத்தைப் பெறுகின்றன.

பாட்டுப் பள்ளியான கதையையும் கூறிவிடுகிறேன். நம் மலரில் அதற்கு இடமில்லையெனில் வேறெங்கு இருக்கும்? பஞ்சாபின் ஓஷியார்பூர் மாவட்டத்து முகோவால் சிற்றூரில் 1886இல் பிறந்தவர் மங்கு ராம். தந்தை தோல் வணிகர். தோலுக்கு வரும் ஆணைகள் ஆங்கிலத்தில் வரும், படிக்கத் தெரியாது. மேற்சாதிக்காரர் ஒருவர் படித்துக் கூற வேண்டும். அதற்குக் கூலியாக அவரிடம் ஒருநாள் வேலை செய்ய வேண்டும். இக்கொடுமை தாளாமல் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியிலோ அச்சிறுவன் பிற மாணவரிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டான். நம் ஊர்களில் தோல் மண்டிக் கணக்கைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த முன்னோர்களை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1909இல் மங்கு ராம் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்றார், தோட்டங்களில் உழைத்தார், கதர் கட்சியில் சேர்ந்து நாட்டு விடுதலைக்காகப் போராடினார். 1925இல் திரும்பி வந்தவர் முதலில் செய்தது, தம் ஊரில் தம் மக்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கியது. 1926இல் ஆதி தர்ம இயக்கம் அங்குப் பிறந்தது. ரவிதாசரை அது தன் குருவாகக் கொண்டது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பஞ்சாபில் 4 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம்மை ஆதி தர்மிகள் என்று பதிவு செய்துகொண்டனர். ஜலந்தரின் பூட்டா மண்டியைச் சேர்ந்த தோல் வணிகர்கள் இவ்வியக்கத்துக்குப் பொருளுதவி செய்தனர்.

பாட்டால் பள்ளி கட்டியவர்கள் கடல் கடந்தும் உளர். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின் 1866இல் நாஷ்வில் நகரில் கறுப்பின மக்களுக்காக ஃபிஸ்க் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் கடன் முற்றி மூடும் நிலை வந்தது. 1871 அக்டோபரில் ஒன்பது மாணவ மாணவியர் ஊர் ஊராகப் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். அவர்கள் பாடியவை, பருத்தித் தோட்டங்களில் தம் பெற்றோர் அடிமைகளாய் இருந்து பாடிய பாடல்கள். இங்கிலாந்தின் விக்டோரியா அரசியும் கேட்டார். திரண்ட பொருளைக் கொண்டு 1876இல் ஜூபிலி மாளிகை எழுந்தது. அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டு என்று விவிலியம் கூறும் ஜூபிலி என்னும் சொல்லையே அக்குழு தன் பெயராகவும் சூடியிருந்தது. நாம் வெள்ளி விழாவுக்கு எளிதாக எடுத்தாளும் இந்த ஜூபிலி என்னும் சொல்லுக்குள் அத்தகைய பொருள் கிடக்கிறது.

காசியில் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அருகே சீர் கோவர்த்தன்பூர் என்னும் இடத்தை ரவிதாசர் பிறந்த இடமாகக் கொண்டு, பஞ்சாபிலிருந்து வந்த அடியார்கள் 1965இல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினர். மாகப் பௌர்ணமியன்று அங்குப் பல லட்சம் மக்கள் கூடுகின்றனர். 2022ஆம் ஆண்டில் பஞ்சாபின் சட்டமன்றத் தேர்தல் பிப்ரவரி 14ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. ரவிதாசர் பிறந்தநாள் 16ஆம் நாள். பெருந்தொகையான வாக்காளர் காசிக்குச் சென்றிருப்பர் என்று எடுத்துரைக்கப்படவே, தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை 20ஆம் நாளுக்கு மாற்றி வைத்தது. அன்றைய காசியில் தெருவோரத்தில் அமர்ந்திருந்த ஒருவருக்காக ஒரு மாநிலத்தின் தேர்தல் ஆறு நாள் காத்திருந்தது.

வாரணாசிக்கும் ஜம்முவுக்கும் இடையே ஓடும் விரைவு வண்டி ஒன்றுக்கு இந்திய இரயில்வே பேகம்புரா என்றே பெயர் சூட்டியிருக்கிறது. பிறந்தநாளை ஒட்டி ஜலந்தரிலிருந்து பல ஆண்டுகளாகத் தனி வண்டியும் செல்கிறது. தோல் மண்டிக்காரரும், வயல் கூலிகளும், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தோரும் அதில் ஏறுவர். பெட்டிக்குப் பெட்டி டோலக்கும் கைத்தாளமும் இருக்கும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், ஏனையோர் வாங்கிப் பாடுவர். வண்டி காசியைச் சேரும் வரையில் அப்பாட்டு ஓய்வதில்லை.